துப்பாக்கிக்கு எந்த இரும்பு? கொல்லர்கள் அறிந்த பதம்



லேத் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார். வெளிநாட்டில் யாரோ வீட்டுப் பட்டறையிலேயே இரட்டைக் குழல் ரைஃபிள் செய்கிறாராம். அதன் 'ஆக்‌ஷன்' பாகத்துக்கு எந்த ஸ்டீலை எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறாராம். "உலகத்திலேயே உசந்த உருக்கு நம்மளோடதுதானே சார், அதுல செஞ்சா என்ன?" என்பது கேள்வி.

முதலில் ஒன்று. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். எனவே இதைச் சரித்திரக் கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பதிலையும் சொல்லிவிடுகிறேன். நம் பழைய உருக்கில் அந்தப் பாகத்தைச் செய்தால் அது கையிலேயே உடைந்துபோகலாம். இது நம் உருக்குக்கு இழுக்கு அல்ல. எதற்கு எது என்று நம் கொல்லர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் பெருமை.

எல்லாமே கரியின் கணக்கு. இரும்பில் கரி ஏறக்குறைய இல்லாவிட்டால் அது தேனிரும்பு. அடித்தால் வளையும், எளிதில் உடையாது. 100-க்கு 1 முதல் 2 பங்கு வரை கரி சேர்ந்தால் நம் புகழ்பெற்ற உருக்கு. அதற்கும் மேலே போய் 3, 4 பங்கு என்றால் வார்ப்பிரும்பு. ஓங்கி அடித்தால் உடையும்.

நம் உருக்கு எப்படிச் செய்யப்பட்டது என்பதை 19-ஆம் நூற்றாண்டில் வந்த வெள்ளைக்காரர்கள் விவரமாக எழுதியிருக்கிறார்கள். சிறு மண்மூசையில் இரும்புத் துண்டுகளைப் போட்டு, காய்ந்த ஆவாரங்குச்சிகளைச் சேர்த்து, எருக்கிலை போன்ற பச்சை இலைகளால் மூடி, களிமண்ணால் வாயை அடைத்து உலையில் வைப்பார்கள். துருத்தி ஊதி மணிக்கணக்கில் காய்ச்சினால் குச்சியிலும் இலையிலும் உள்ள கரி இரும்புக்குள் இறங்கும். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் கிடைத்த உலைகள், இந்தத் தொழில் சங்க காலம்வரை பின்னோக்கிப் போவதைக் காட்டுகின்றன. லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819 முதல் சில ஆண்டுகள் இந்த உருக்கின் ரகசியத்தைத் தேடி ஆராய்ச்சி செய்தார். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், 1839-இல் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்.

இந்த உருக்கு வாளுக்கும் கத்திக்கும் பொருந்தும். கூர் நிற்கும். ஆனால் துப்பாக்கி கேட்பது கூர் அல்ல. மருந்து வெடிக்கும் நொடியில் வரும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். தாங்க முடியாமல் போனாலும் கண்ணாடிபோல் சிதறாமல், வீங்கிக் காட்ட வேண்டும்.

சான்று பக்கத்திலேயே இருக்கிறது. தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டுக்குப் போய்ப் பாருங்கள். இரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்த இரும்புப் பீரங்கி, சுமார் 25 அடி நீளம். அது வார்த்ததல்ல. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியமும் அவரது குழுவினரும் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, உட்குழல் 43 நீண்ட இரும்புப் பட்டைகளால் ஆனது. அதன்மேல் மூன்று அடுக்காக இரும்பு வளையங்களைக் காய்ச்சி இறக்கியிருக்கிறார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் அதே வித்தை! சூட்டில் விரிந்த வளையம் ஆறும்போது சுருங்கி, உள்ளே இருப்பதை இறுக்கிப் பிடிக்கும். உருக்கு பிறந்த நாட்டில் பீரங்கிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது தேனிரும்பை.

இந்த முறையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய இப்படிப்பட்ட பீரங்கி ஒன்று 1460-இல் வெடித்துத்தான் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் இறந்தார். ஓர் இணைப்பு சரியாகப் பற்றாவிட்டால் போதும்.

இனி இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு வருவோம். குழல்கள் கீல்போல் கீழே மடங்கும். தோட்டாவைப் போட்டு மூடினால், பின்னால் செங்குத்தாக நிற்கும் இரும்புச் சுவர் தோட்டாவைத் தாங்கும். அந்தச் சுவரும் அடிப்பட்டையும் ஒரே துண்டு, 'ட' எழுத்துபோல. ஒவ்வொரு வெடியும் அந்த 'ட'வை விரிக்கப் பார்க்கும். விரிசல் விழுந்தால் அந்த மூலையில்தான் விழும். ஆகவே உள்ளே இளகிய உறுதி வேண்டும். ஆனால் கீலும் பூட்டும் உரசும் இடங்கள் தேயாதிருக்க மேலே கடினமும் வேண்டும்.

பர்மிங்ஹாம் கொல்லர்கள் கண்ட வழி இது: கரி குறைந்த இரும்பில் பாகத்தைச் செதுக்கி, எலும்புக்கரி நிரப்பிய பெட்டியில் அடைத்துக் காய்ச்சி, தண்ணீரில் தோய்ப்பது. லேத் பட்டறைக்காரர்கள் சொல்லும் கேஸ் ஹார்டனிங் இதுதான். கரி மேல்தோலில் மட்டும் ஏறும். நம் மூசையில் இரும்பு முழுவதும் ஏறியது, இங்கே தோலோடு நின்றுவிடுகிறது. நம் ஊர்க் கொல்லர் அரிவாளின் வாய்க்கு மட்டும் எஃகு வைத்து அடித்தாரே, அதே புத்திதான்.

சரியான ஸ்டீலை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆலையின் கதையைக் கேளுங்கள். அங்கே 1903-ஆம் ஆண்டு மாதிரி ரைஃபிளுக்குக் கரி குறைந்த ஸ்டீலைத்தான் பயன்படுத்தினார்கள். முதல் உலகப்போர் நேரத்தில், 1917-இல், சில துப்பாக்கிகள் சுடும்போதே உடைந்து சிதறின. விசாரித்தால், தொழிலாளிகள் சூட்டைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டு வந்திருக்கிறார்கள். வெயில் நாளில் காய்ந்த இரும்பின் சிவப்பு மங்கலாகத் தெரியும். போதவில்லை என்று இன்னும் காய்ச்சியதில் இரும்பு தீய்ந்துபோனது. வெப்பமானி வைத்தபிறகே இது தெரியவந்தது. அதற்குள் அந்த ஆலையில் மட்டும் சுமார் 8 லட்சம் துப்பாக்கிகள் சந்தேகப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. பிறகு பதப்படுத்தும் முறையை மாற்றினார்கள். பின்னாளில் நிக்கல் கலந்த ஸ்டீலுக்குப் போனார்கள்.

நம் கொல்லன் பட்டறைகள் ஏன் இருட்டாக இருந்தன என்று யோசித்திருக்கிறீர்களா? நிறம்தான் அவர்களுடைய வெப்பமானி. வெளிச்சம் மாறினால் கணக்கு மாறிவிடும்.

இந்த அறிவு நம்மிடம் வளராமல் நின்றதற்குக் காரணம் உண்டு. பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது, கோட்டைகளை இடிக்கச் சொன்னது. 1878 ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாத இந்தியன் கையில் துப்பாக்கி கூடாது என்றது. அதற்கு நடுவே மலிவான சீமை இரும்பு கப்பலில் வந்து இறங்கியது. பீரங்கி செய்தவர்களின் வாரிசுகளுக்குக் கலப்பைக் கொழுவும் கடப்பாரையும்தான் மிஞ்சின. உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஆகவே, "எல்லாவற்றுக்கும் நம் உருக்கு" என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே அனுப்பாதீர்கள். அது நம் கொல்லர்களைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு அவர்களின் அறிவைக் குறைப்பது. உருக்கைச் செய்யத் தெரிந்ததைவிட, எங்கே அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தெரிந்ததே பெரிய வித்தை.

அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் பக்கம் இன்னும் ஓரிரு பட்டறைகளில் துருத்தி ஓடுகிறது. உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ உலை வைத்திருந்தால், எந்த நிறத்துக்கு எடுப்பார்கள், எதில் தோய்ப்பார்கள், அதற்கு என்ன பெயர் சொல்வார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.