கூட்டம் கலைந்த பின் எத்ரெத்தா

பிரான்சின் நார்மண்டிக் கரையில் எத்ரெத்தா என்று ஒரு சின்ன ஊர். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் வளைவு வளைவாகக் கடலுக்குள் இறங்கும். அவால் என்ற வளைவுக்குப் பக்கத்தில் ஊசி மாதிரி தனியாக ஒரு பாறை. கோடையில் பாரிஸ்காரர்கள் கடலில் குளிக்க வரும் ஊர். ஆனால் படம் எடுப்பதென்றால் இலையுதிர்காலம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் போகணும் என்பது என் கட்சி. வெறும் ரசனைப் பேச்சில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நவம்பர் 27-ஐ எடுத்துக்கொள்வோம். உச்சிப்பொழுதில்கூட அங்கே சூரியன் 19 டிகிரிக்கு மேல் ஏறாது. சென்னையில் அன்றைக்கு 56 டிகிரி. அதாவது நமக்குக் காலை ஏழே முக்கால் மணிக்கு அடிக்கிற சாய்வெயில்தான் அவர்களுக்கு நடுப்பகல் வெயில். பாறையின் ஒவ்வொரு மடிப்பும் நிழல் போட்டுக் காட்டும். ஜூனில் வடமேற்கே திறந்த கடலில் மறைகிற சூரியன், இப்போது தென்மேற்கே, அவால் இருக்கிற பக்கமாக இறங்கும்.

இந்தத் தேதியைச் சும்மா எடுக்கவில்லை. 1885-இல் இதே தேதியிட்ட கடிதத்தில் ஓவியர் மோனே ஒரு விபத்தைச் சொல்கிறார். மான்போர்த் என்ற பெரிய வளைவுக்குக் கீழே வரைந்துகொண்டிருந்தார். கடல் இறங்குகிறது என்று நினைத்தார், ஆனால் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு அலை வந்து அவரைப் பாறையில் அடித்துவிட்டு, இழுத்தும் போயிருக்கிறது. ஆள் தப்பிச்சிட்டார், வரைந்த படம் போச்சு. தாடியெல்லாம் நீலமும் மஞ்சளும்!

அந்தப் பருவத்தில் அவரைப் பார்த்த மாப்பசான் மறுவருடம் எழுதியிருக்கிறார்: ஒரே காட்சிக்கு ஐந்தாறு கேன்வாஸ், தூக்கி வரக் குழந்தைகள், வெளிச்சம் மாற மாற கேன்வாஸை மாற்றுவார். இன்றைக்கு முக்காலியில் கேமராவை நிறுத்தி மணிக்கொரு படம் எடுப்பவர் செய்வதும் இதுதானே.

ஆனால் இவற்றில் பலவற்றை அவர் பிறகு ஜிவெர்னியில் வீட்டில் வைத்துத்தான் முடித்தார். அப்படியானால் அந்தப் படங்களைச் சாட்சியாக நம்பலாமா?

டெக்சாஸ் வானியலாளர் டொனால்ட் ஓல்சன் அதைச் சோதித்தார். எடுத்துக்கொண்டது 1883 குளிர்காலத்து அஸ்தமனப் படம் ஒன்று. 2012 ஆகஸ்டில் குழுவோடு போய், புகைப்படம் எடுத்து, பழைய அஞ்சலட்டைகளோடு ஒப்பிட்டு, மோனே நின்ற இடத்தைக் கடற்கரையில் கண்டுபிடித்தார். (ஆகஸ்டில் போனார்களே என்று கேட்கலாம். கோணம் அளக்கப் பாறை போதும், வெளிச்சம் வேண்டாம்.) சூரியன் இருந்த இடம், கடிதங்கள், ஓதம், வானிலைப் பதிவுகள் எல்லாவற்றையும் வைத்து வடிகட்டியதில் வந்த விடை: 1883 பிப்ரவரி 5, மாலை 4:53.

தேதியை நான் ஏற்கிறேன். அந்த நிமிடத்தில்தான் கொஞ்சம் தயக்கம். வானத்தில் சூரியன் தன் அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடம் போதும். கேன்வாஸில் அது தூரிகையின் ஒரு இழுப்பு.