கடற்கன்னி இழந்த குரல்

ஐரோப்பியக் கலைஞர்களைப் பல நூற்றாண்டுகளாக விடாமல் ஈர்த்துவந்த உருவம் கடற்கன்னி. அழகின் வடிவம் என்றோ ஆண்களை அழிக்கும் மோகினி என்றோ அவளைச் சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். காலவரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது: அவள் உடலின் மீது கலையின் கவனம் கூடக்கூட, அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது.

கடற்கன்னியின் முன்னோடிகளாக ஹோமரின் ஒடிசி காவியத்தில் வரும் சைரன்களுக்கு மீன்வால் கிடையாது. அவர்கள் தோற்றத்தை ஹோமர் வருணிக்கவே இல்லை. கிரேக்கக் கலைஞர்கள் அவர்களைப் பெண்தலை கொண்ட பறவைகளாகத் தீட்டினார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஜாடி ஒன்றில் இதைக் காணலாம். பாய்மரத்தில் கட்டுண்டு நிற்கும் காவிய நாயகன் ஒடிசியஸை அவர்கள் இழுப்பது அறிவைக் காட்டி. ட்ராய் போரில் நடந்ததும் உலகில் நடப்பதும் தங்களுக்குத் தெரியும் என்று பாடுகிறார்கள். எல்லாம் அறிந்த பெண்ணின் பாட்டுக்குத்தான் ஒடிசியஸ் தன் மாலுமிகளின் காதை மெழுகால் அடைத்தான்.

சைரனுக்குச் செதில் படர்ந்த மீன்வால் இருப்பதாகச் சொல்லும் மிகப் பழைய நூல்களில் ஒன்று, 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'லிபர் மான்ஸ்ட்ரோரம்' என்ற இலத்தீன் நூல். பின்னர் தேவாலயச் சிற்பங்களில் அவள் கைக்குச் சீப்பும் கண்ணாடியும் வந்து சேர்ந்தன. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், ஸென்னர் தேவாலயத்து மர இருக்கையில் இன்றும் அவள் அந்தக் கோலத்தில்தான் இருக்கிறாள். அறிவைப் பாடியவள் செருக்குக்கும் காமத்துக்கும் எடுத்துக்காட்டாகிப் போனாள்.

இந்தப் போக்கின் உச்சம் 1837இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதிய 'குட்டிக் கடற்கன்னி'. மனிதக் கால்களைப் பெறுவதற்கு விலையாக அவள் நாக்கையே சூனியக்காரி அறுத்தெடுக்கிறாள். கடலிலேயே இனிமையான குரல் அவளுடையது என்பதை ஆசிரியர் முன்பே சொல்லிவிடுவதால் அந்த இழப்பு நெஞ்சை அறுக்கிறது. ஆயினும் ஆண்டர்சனை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. அவர் கதைநாயகி காதலை மட்டும் தேடியவள் அல்ல, அழியாத ஆன்மாவையும் தேடியவள். பின்வந்தவர்கள் காதலை எடுத்துக்கொண்டு ஆன்மாவை விட்டுவிட்டார்கள்.

இக்கதையின் பாலே வடிவத்தைக் கண்டு நெகிழ்ந்த மதுத் தொழிலதிபர் கார்ல் யாகப்சன் 1909இல் ஒரு சிலைக்கு ஏற்பாடு செய்தார். எட்வர்ட் எரிக்சன் வடித்த அந்த வெண்கலச் சிலை 1913 ஆகஸ்ட் 23 அன்று கோபன்ஹேகனின் லாங்கலினி கரையில் திறக்கப்பட்டது. உயரம் 1.25 மீட்டர். முகத்துக்கு மாதிரி, நடனக் கலைஞர் எலன் பிரைஸ். ஆடையின்றி நிற்க அவர் மறுத்ததால் உடலுக்குச் சிற்பியின் மனைவி எலீன் மாதிரியானார். ஆக, பெண்மையின் சின்னமாகக் கொண்டாடப்படும் இவ்வுருவமே இரு பெண்களிடமிருந்து ஒட்டிச் சேர்த்தது. 1964இலும் 1998இலும் அதன் தலையை அறுத்தெடுத்துச் சென்றார்கள். பொது இடத்தில் மௌனமாக அமர்ந்திருக்கும் பெண்ணுடலை எவரும் கையாளலாம் என்ற எண்ணம் இதில் தெரிவதாகவே நான் கருதுகிறேன்.

அதே நகரில் வாழ்ந்த அன்னே மேரி கார்ல்-நீல்சன் 1921இல் வேறொரு கடற்கன்னியை வடித்தார். மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியனின் பிரம்மாண்டமான குதிரைச் சிலையைச் செய்த சிற்பி இவர். இவருடைய கடற்கன்னி ஏங்கிக் குனிந்திருக்கவில்லை, வாலைச் சுழற்றி உயிர்த்துடிப்போடு எழுகிறாள். இளவரசனுக்காகக் காத்திருக்கும் சாயலே அவளிடம் இல்லை. கடற்கன்னியைப் பெண்மையின் குறியீடாக ஆராய்வோர் லாங்கலினிச் சிலையோடு நின்றுவிடாமல், ஒரு பெண் வடித்த இந்தச் சிலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.