சிறுநீரில் கிடைத்த மருந்து

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் அதில் ஒருவராவது டயாலிசிஸ் பற்றிப் பேசுவார். அந்த சிகிச்சையின் சரித்திரத்தில் பாதி, ரத்தக்கட்டியோடு நடந்த சண்டைதான்.

சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தம் விசித்திரமானது. தட்டணுக்கள் சரியாக வேலை செய்யாததால் மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியும். அதே ஆளுக்கு வேண்டாத இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளவும் செய்யும்.

1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், நோயாளியின் கையில் தமனிக்கும் சிரைக்கும் டெஃப்லான் குழாய் பொருத்தி, வெளியே ஒரு வளைவாக இணைத்து வைத்தார். அதுவரை ஒவ்வொரு முறையும் புதிதாக ரத்தக்குழாயை வெட்ட வேண்டும். சில தடவைக்கு மேல் இடம் இருக்காது. முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் அந்தக் குழாயில் அடிக்கடி ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது.

அடைப்பைக் கரைக்க என்ன வழி? 1933-லேயே வில்லியம் டில்லெட், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியிலிருந்து வரும் ஒரு பொருள் ரத்தக்கட்டியைக் கரைப்பதைக் கண்டிருந்தார். அதுதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். கிருமியின் சரக்கு என்பதால் சிலருக்கு உடம்பு ஏற்காது. 1947-ல் இங்கிலாந்தில் மக்ஃபார்லேனும் பில்லிங்கும், சாதாரண மனித சிறுநீருக்கும் கட்டியைக் கரைக்கும் சக்தி இருப்பதைக் கண்டார்கள். 1952-ல் அதற்கு யூரோகைனேஸ் என்று பெயர் வந்தது. அதைச் சுரப்பது நம் சிறுநீரகமே! ரத்தத்தில் சும்மா இருக்கும் பிளாஸ்மினோஜனை அது பிளாஸ்மினாக மாற்ற, பிளாஸ்மின் கட்டியின் நூல்வலையை அறுத்துவிடும்.

மொரார்ஜி தேசாயை நினைத்து நீங்கள் சிரிப்பது தெரிகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது லிட்டர் லிட்டராகச் சேர்த்து, சுத்திகரித்து, ஊசி வழியே செலுத்தியது. சிறுநீரே பிரியாதவரின் குழாய் அடைப்பை, முன்பின் தெரியாத யாரோ கழித்த நீரிலிருந்து எடுத்த மருந்து திறந்துவிட்டது.

பிறகு அமெரிக்காவில், இறந்த பச்சிளம் குழந்தைகளின் சிறுநீரகச் செல்களை வளர்த்து இதைத் தயாரித்தார்கள். நோய்த்தொற்று பரவலாம் என்று 1999-ல் அரசு எச்சரிக்க, விநியோகம் நின்றது. 2002-ல்தான் திரும்ப வந்தது. இதற்கிடையில் மரபணுத் தொழில்நுட்பத்தில் செய்த ஆல்டிப்ளேஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கட்டியைக் கரைப்பதைவிட கட்டாமல் பார்ப்பது மேல் அல்லவா? 1966-ல் நியூயார்க்கில் பிரெஸ்சியா, சிமினோ குழுவினர், வெளிக்குழாயே இல்லாமல் மணிக்கட்டில் சிரையைத் தமனியோடு தைத்த முறையை வெளியிட்டார்கள். இன்று நாம் ஃபிஸ்டுலா என்று சொல்வது அதுதான். அதிலும் ரத்தம் கட்டலாம். தொட்டுப் பார்த்தால் விர்ரென்று ஓர் அதிர்வு தெரிய வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது ஃபிஸ்டுலா இருந்தால் தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதிர்வு நின்றிருந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். புதுக்கட்டியை எடுப்பது சுலபம்; நாள்பட்டால் அந்த ஃபிஸ்டுலாவே போய்விடும்.