சென்னைப் பல்கலைக்கழக நூலகம்: கட்டடமும் கொள்கையும் (1907–1936)

முன்னுரை

சேப்பாக்கம் வளாகத்தில் கடற்கரையை நோக்கி நிற்கும் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் வரலாறு, பெரும்பாலும் 1936இல் அதற்கு வாய்த்த சொந்தக் கட்டடத்தின் வரலாறாகவே நினைவுகூரப்படுகிறது. ஆயின், மாணவர் அமர்ந்து கற்கும் இடமாக அந்நூலகம் உருப்பெற்றதற்கு, கட்டடத்திற்கு முற்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் வளர்ந்த கொள்கையே அடிப்படை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

நூலகத் தோற்றம்

1857இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இயங்கியது. கற்பித்தல் கல்லூரிகளின் பணியாக இருந்தது. எனவே பல்கலைக்கழகத்திற்கென ஒரு நூலகம் தோன்ற அரை நூற்றாண்டு ஆயிற்று. 1907இல் தொடங்கிய அதுவும் கன்னிமரா பொது நூலகத்தில்தான் இடம்பெற்றிருந்தது.

அரங்கநாதனின் பங்களிப்பு

மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த சீ. இரா. அரங்கநாதன் 1924இல் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். இலண்டனில் நூலகவியல் பயின்று, பிரித்தானிய நூலகங்கள் பலவற்றையும் பார்வையிட்டுத் திரும்பினார். 1931இல் வெளியான நூலக அறிவியலின் ஐந்து விதிகள் என்னும் தம் ஆங்கில நூலில், நூல்கள் பயன்பாட்டிற்கே உரியன என்பதை முதல் விதியாக வைத்தார். அவ்விதியை விளக்குமிடத்து நூலகம் அமையும் இடம், திறந்திருக்கும் நேரம், இருக்கைகள் முதலிய தளவாடங்கள், பணியாளர் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். அவர் நோக்கில் இருக்கையும் வேலை நேரமும் நிருவாகச் செய்திகள் மட்டுமல்ல. வாசகர் உரிமை சார்ந்தவை.

வாசகரே அடுக்குகளுக்குள் சென்று நூலைத் தேர்ந்தெடுக்கும் திறந்த முறையையும் அவர் வலியுறுத்தினார். அம்முறை பயன்தர வேண்டுமாயின், தொடர்புடைய பொருள்களைப் பேசும் நூல்கள் அருகருகே நிற்றல் வேண்டும். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையை இத்தேவையோடு இணைத்துக் காண்பது பொருத்தம். ஒரு நூலைத் தேடிச் சென்ற மாணவர், அறியாத மற்றொரு நூலை அதன் அருகிலேயே காண அவ்வொழுங்கு வழிசெய்கிறது.

முடிவுரை

ஆக, 1936ஆம் ஆண்டுக் கட்டடம் ஒரு தொடக்கமன்று; முன்பே வகுக்கப்பட்ட கொள்கைக்குக் கிடைத்த இடமாகும். பல்கலைக்கழக நூலகங்களின் வரலாற்றை எழுதுவோர் திறப்பு விழா ஆண்டுகளோடு அமையாது, நூல் வழங்கும் விதிகள், வேலை நேரம், அடுக்குகளை அணுகும் உரிமை ஆகியவற்றையும் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும். இருக்கைகள் நிரம்பியும் அடுக்குகள் தீண்டப்படாமலும் இருக்கும் நூலகத்தை மதிப்பிடுவதற்கும் அவ்வளவுகோலே இன்று தேவைப்படுகிறது.