கலப்பை, சும்மாடு, சுமைதாங்கி

கலப்பைன்னு சொன்னதும் ஏர்தானே ஞாபகம் வருது? பழந்தமிழ்ல அதுக்கு இன்னொரு பொருளும் உண்டுங்க. கலம் + பை. பாணர்களும் கூத்தர்களும் யாழ், முழவு மாதிரி வாத்தியங்களைப் போட்டுக் கட்டிக்கொண்டு ஊர் ஊராப் போன பை. அதியமான் வாசல்ல காக்க வெச்சதுல கோபிச்சுக்கிட்ட ஔவையார், 'இந்த ஊர் இல்லாட்டி இன்னொரு ஊர்' என்று கிளம்பும்போது கட்டுவது இந்தக் கலப்பையைத்தான் (புறநானூறு 206). ஆக, பையை மாட்டிக்கிட்டு நடையைக் கட்டுறது நமக்கு ஒண்ணும் புதுசில்லை :-)

கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆளுங்களுக்கு மலைன்னா கேப்பர் மலைதான். அதுவும் ஒரு செம்மண் மேடு, அவ்வளவே. நிஜமா ஏறணும்னா செஞ்சிக்கோ கல்வராயனுக்கோ போகணும். அப்படிக் கிளம்புற நண்பர்கள் 'எந்த பேக் வாங்கலாம்?' என்று கேட்கிறார்கள். பதில் கடையில் இல்லை, நம்ம பழைய சாலைகளில் இருக்கிறது என்பது என் கட்சி.

நம்மாட்கள் சுமை தூக்க இரண்டு முக்கிய வழி வைத்திருந்தார்கள். ஒன்று காவுதல். தோளில் ஒரு தடி, இரண்டு முனையிலும் சமமான பாரம். முருகனுக்கு எடுக்கிற காவடி இந்த வேலைக்கருவியிலிருந்து வந்ததுதான். இடும்பன் இரண்டு மலையைத் தூக்கிய கதை தெரியும்தானே? வெள்ளைக்காரன் காலத்தில் பார்சல் தபாலே இப்படித்தான் போனது, 'பங்கி' தபால் என்று பெயர். பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருப்பது இதன் பலம். மொத்தமும் தோளிலேயே உட்காருவது பலவீனம். அடிக்கடி தோள் மாற்றியே ஆகணும்.

இரண்டாவது தலைச்சுமை. சேலையைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, அதன்மேல் கூடை. தேவனாம்பட்டினத்து மீன்காரம்மாவைக் கேட்டால் சொல்லுவாங்க. பாரம் முதுகெலும்பு வழியாக நேராகக் காலுக்கு இறங்குது. இதைச் சும்மா சொல்லலை. கென்யாவில் தலைச்சுமை தூக்கிப் பழகிய பெண்களைச் சோதித்து 1986-இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் அவர்கள் கூடுதல் சக்தி செலவில்லாமலே தூக்கி நடந்தார்களாம்!

ஆனா இதில் ஒரு சிக்கல். தலையில் ஏத்தவும் இறக்கவும் இன்னொரு ஆள் கை கொடுக்கணும். தனியாப் போறவங்க என்ன செய்வாங்க? அதுக்குத்தான் சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டது. நின்ற வாக்கிலேயே மூட்டையை அதில் தள்ளி வைத்து, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தலைக்கு ஏத்திக்கலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை நட்டார்கள். இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கன் சுமையை இறக்கி வைக்க ஒரு இடம். இதைவிட அர்த்தமுள்ள நினைவுச்சின்னம் எனக்குத் தெரிந்து இல்லை. 1962-இல் ஸ்ரீதர் தன் படத்துக்கு இந்தப் பெயரை வைத்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இங்கேதான் விஷயம். அந்தக் காலத்தில் சுமையை மனுஷன் மட்டும் தூக்கவில்லை, பாதியைச் சாலை தூக்கியது. சுமைதாங்கி, தண்ணீர்ப்பந்தல், சத்திரம். வள்ளலார் கருங்குழியில் இருந்த காலத்தில் சிதம்பரத்துக்கு நடந்தே போய் வந்தவர். நடப்பவனின் பசி தெரிந்துதான் 1867-இல் வடலூரில் தருமசாலையில் அடுப்பு மூட்டினார் என்று நினைத்துக்கொள்வேன். வழியில் சோறும் தண்ணியும் கிடைத்தால் கட்டுச்சோறு மூட்டை சின்னதாகிவிடும் இல்லையா?

1870-களில் ரயில் வந்தது, அப்புறம் பஸ். நடப்பவர்கள் குறைந்தார்கள். சாலை அகலமாக ஆக, ஓரத்துக் கல்லுக்கு மதிப்பில்லாமல் போச்சு. சாலை தன் பங்கைக் கைவிட்டதும் முழுச் சுமையும் நம் முதுகுக்கு வந்துவிட்டது.

முதுகுப்பையின் கதை இன்னும் பழசு. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, சுமார் 5300 வருஷத்துக்கு முந்தைய ஏட்சி மனிதனோடு வளைத்த மரக்கம்பும் பலகைகளும் கிடைத்தன. அவை முதுகுச் சுமைச்சட்டம் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. 1952-இல் அமெரிக்காவில் டிக் கெல்ட்டி அலுமினியச் சட்டம் வைத்த பைகளை விற்கத் தொடங்கினார். இடுப்புப் பட்டையைப் பரவலாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தோளில் தொங்கிய பாரம் இடுப்பெலும்பில் உட்கார்ந்தது. என்னைக் கேட்டால் அந்தப் பட்டைதான் கூடவே வருகிற சுமைதாங்கி.

அதனால் வாங்கும்போது இதைப் பாருங்க:

- பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் உட்காரணும். தோள்பட்டை வார் பையை முதுகோடு ஒட்டிப் பிடித்தால் போதும்.
- உங்க உயரத்தைவிட முதுகின் நீளம்தான் முக்கியம். தலை குனிந்தால் பிடரியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு மட்டம் வரை அளந்துகொண்டு போங்க.
- ஒரு நாள் நடைக்கு 20 முதல் 30 லிட்டர் போதும். பை பெரிசானா அதை ரொப்பத்தான் கை போகும்.
- கனமான பொருள் முதுகை ஒட்டி, நடு உயரத்தில். இரண்டு பக்கமும் சமமாக (காவடி ஞாபகம் இருக்கட்டும்).
- நம்ம ஊர் வேர்வைக்கு முதுகுப் பக்கம் வலைத்துணி. ஐப்பசி, கார்த்திகையில் போனால் மழை உறை.
- கடையில் வெறும் பையை மாட்டிப் பார்க்காதீங்க. ஐந்து கிலோ எதையாவது போட்டுப் பத்து நிமிஷம் நடங்க.

அப்புறம், எங்கேயாவது சாலையோரத்தில் மூணு கல்லு கதவு நிலை மாதிரி நின்றால் ஒரு நிமிஷம் நில்லுங்க. கல்லில் பெயர் வெட்டியிருந்தால் படியுங்க. பையைக் கழட்டி அதன்மேல் வைத்துவிட்டு மூச்சு வாங்குங்க. அந்தப் பெண் பேரில் அதை நட்டது அதுக்குத்தான்.