நாங்குநேரி எண்ணெய்க் கிணறும் எள்ளின் காப்பும்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது நாங்குநேரி. வைணவ மரபில் இதற்கு வானமாமலை, தோதாத்ரி என்ற பெயர்களும் உண்டு. நம்மாழ்வார் இதைச் சிரீவரமங்கலநகர் என்று பாடினார். 108 திவ்விய தேசங்களில் ஒன்றான இவ்வூர், பெருமாள் தானாகத் தோன்றிய எட்டுத் தலங்களுள்ளும் எண்ணப்படுகிறது. இங்குள்ள தெய்வநாயகப் பெருமாளுக்கு நாள்தோறும் எண்ணெய்க்காப்பு நடக்கிறது. திருமேனியில் சாத்திய எண்ணெய் வீணாக வடிந்து போவதில்லை. கோயிலுக்குள்ளேயே இதற்கென உள்ள கிணற்றில் சேர்கிறது. அந்த எண்ணெயைத் தீராத நோய்க்கு, குறிப்பாகத் தோல் நோய்க்கும் தொழுநோய்க்கும், மருந்தென்று நம்பி வாங்கிச் செல்வோர் தலைமுறை தலைமுறையாக வருகிறார்கள்.

தை அமாவாசையன்று நடப்பது ‘ஒரு கோட்டை எண்ணெய்க் காப்பு’. கோட்டை என்பது தென்பாண்டி நாட்டின் முகத்தல் அளவு. 21 மரக்கால் கொண்டது ஒரு கோட்டை. நெல்லை அளந்த இந்தக் கோட்டையால் நிலத்தையும் அளந்தார்கள். ‘இத்தனை கோட்டை விதைப்பாடு’ என்றால் இத்தனை கோட்டை விதை கொள்ளும் நிலம் என்று பொருள். மரக்காலும் படியும் கடைத்தெருவை விட்டுப் போய் லிட்டர் வந்து பல காலம் ஆகிவிட்டது. கோயில் விழாவின் பெயரில் மட்டும் கோட்டை உட்கார்ந்திருக்கிறது.

இந்த வழக்கத்துக்கு ஆதாரம் நல்லெண்ணெய். திறந்த இடத்தில், காற்றுப்பட, மாதக்கணக்கில் எண்ணெயைத் தேக்கி வைக்கும் ஒரு மரபு எல்லா எண்ணெயையும் கொண்டு உருவாகிவிடாது. தேங்காயெண்ணெய் ஈரம் பட்டால் சிக்கு வாடை அடிக்கும். கடலை எண்ணெயும் நாள்பட்டால் காறிப்போகும். சமையல் எண்ணெய்களில் கெடாமல் நெடுநாள் நிற்பதற்குப் பேர்போனது எள்ளெண்ணெய்தான். ஆட்டியெடுத்து, வெயிலில் வைத்துத் தெளியவிட்டுச் சாடியில் ஊற்றிய நல்லெண்ணெய் ஓராண்டு கிடந்தாலும் வீட்டார் அதிகம் கவலைப்படுவதில்லை. ஊறுகாய் மிதக்க மிதக்க ஊற்றுவதும் அதையே. காரணம் எள்ளின் விதைக்குள் இருக்கிறது. அதை வேதியியல் கண்டுபிடித்தது மிகப் பிந்தி, 20-ஆம் நூற்றாண்டில்.

எண்ணெய் என்ற சொல்லே எள்ளும் நெய்யும் சேர்ந்து பிறந்தது. எள்ளின் நெய் எதுவோ அதுவே எண்ணெய். பிறகு சொல் பொதுவாகிவிட்டது. தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் என்று வரிசை நீண்டது. கப்பலில் வந்திறங்கிய மண்ணெண்ணெய்க்குள்ளும் ஓர் எள் ஒளிந்திருக்கிறது. அசலுக்கு அடையாளமாக ‘நல்ல’ என்ற அடை வேண்டியிருந்தது. வடமொழியிலும் இதே கதைதான்: திலம் என்ற எள்ளிலிருந்து வந்த தைலம், எல்லா எண்ணெய்க்கும் பெயரானது.

எள்ளின் காட்டு இனங்கள் பல ஆப்பிரிக்காவில் இருப்பதால் அதன் தாயகம் ஆப்பிரிக்கா என்று வெகுகாலம் கருதப்பட்டது. தாவரவியலாளர் டோரதியா பெடிஜியன் அந்தக் கருத்தை மறுத்தார். பயிர் எள்ளுக்கு 26 குரோமோசோம்கள். அதே எண்ணிக்கை கொண்டதும், பயிர் எள்ளுடன் எளிதில் கலப்பதுமான காட்டெள் இந்தியத் தீபகற்பத்தில்தான் வளர்கிறது. ஆகவே எள் இந்த மண்ணில் பழக்கப்பட்ட பயிர் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. மாதோ சரூப் வத்ஸ் 1940-இல் வெளியிட்ட ஹரப்பா அகழாய்வு அறிக்கையில் கருகிய எள் பதிவாகியுள்ளது.

தமிழகத்தில் எள்ளை எண்ணெயாக்கிய தொழிலின் தடம் கல்வெட்டுகளில் தெளிவாகத் தெரிகிறது. சோழர் காலத்தில் செக்குக்கு வரி உண்டு. அதன் பெயர் செக்கிறை. எண்ணெய் வணிகர் குழுவான சங்கரப்பாடியார் கோயில் விளக்குக்கு எண்ணெய் அளக்கும் பொறுப்பை ஏற்றிருந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு நாளும் எரிய 96 ஆடுகள் விடப்பட்டன. அது நெய் விளக்கின் கணக்கு. மந்தை மேயும் ஊரில் நெய், செக்கு ஆடும் ஊரில் எண்ணெய் என்று இரண்டும் கோயிலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன. கல்லில் குடைந்த செக்குகள் சிலவற்றில், செய்து கொடுத்தவரின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுப்பதைப் போல செக்கு செய்து வைப்பதும் தருமமாகக் கருதப்பட்டது.

பின்னாளில் மரச்செக்கு பரவியது. வாகை மரம் இதற்கு உகந்ததென்று சொல்வார்கள். காய்ந்த எள்ளை உரலில் கொட்டி மாட்டைப் பூட்டினால் உலக்கை சுற்றும். எள் பாதி அரைபட்டதும் கருப்பட்டியைத் தட்டிப்போடுவது தென் மாவட்டத்துச் செக்குக்காரர் கைப்பழக்கம். பனங்காடு நிறைந்த திருநெல்வேலிப் பக்கத்தில் கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை. கருப்பட்டியின் பிசுக்கும் ஈரமும் பொடிந்த எள்ளைப் பிண்ணாக்காகத் திரட்ட, எண்ணெய் பிரிந்து வழியும். பிண்ணாக்கு மாட்டுக்கு. எள்ளின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். ஆனால் மாட்டுச் செக்கு அதை முழுவதும் பிழிந்துவிடுவதில்லை.

வானமாமலையில் வழிபாட்டை ஒழுங்குபடுத்தி நிலைநிறுத்தியதில் வானமாமலை மடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மணவாள மாமுனிகளின் (1370–1443) முதன்மைச் சீடரான பொன்னடிக்கால் ஜீயர் இந்த மடத்தின் முதல் தலைவர். தென்கலை வைணவத்தின் மூத்த மடங்களில் ஒன்றான இது இன்றும் நாங்குநேரியில் இயங்குகிறது. பெருமாளுக்கு எண்ணெய்க்காப்பு என்பது வேறு தலங்களிலும் உண்டு. திருவரங்கத்தில் மூலவர் திருமேனி சுதையால் ஆனது. நீராட்டு கூடாது என்பதால் தைலக்காப்பு. அங்கே காப்பு என்பது காப்பாற்றுவதும்தான். நாங்குநேரியின் தனித்தன்மை, சாத்திய எண்ணெயைச் சேர்த்து வைத்து அதையே மருந்தாக்கியது.

தொழுநோய்க்கு எண்ணெய் மருந்தென்ற எண்ணம் நாங்குநேரிக்கு மட்டும் உரியதன்று. நீரடிமுத்து எண்ணெய் இந்திய மருத்துவத்தில் தொழுநோய்க்கு நெடுங்காலம் பயன்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர்களும் அந்த இனத்து எண்ணெயை ஏற்றார்கள். ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் வேதியியலாளர் 1915 வாக்கில் அதை ஊசியில் செலுத்தத்தக்க வடிவுக்கு மாற்றினார். 1940-களில் டாப்சோன் என்ற மருந்து வந்தபின் எண்ணெய் பின்னுக்குப் போனது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டுமருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு தொழுநோய் முழுமையாகக் குணமாகும் நோயானது. நல்லெண்ணெய் தொழுநோய்க் கிருமியைக் கொல்வதில்லை. வறண்டு வெடித்த தோலுக்கு அது இதம் தரும். அதற்கு மேல் உள்ளது பக்தி. ஆனால் மருந்துலகம் நல்லெண்ணெயைக் கைவிடவும் இல்லை: நீரில் கரையாத சில ஊசி மருந்துகளைக் கரைத்துக் கொடுக்க, தூய்மை செய்த எள்ளெண்ணெயை இன்றும் பயன்படுத்துகிறார்கள். எளிதில் கெடாத குணமே அதற்கும் தகுதி.

அந்தக் குணத்தின் முதல் தடயம் ஒரு கலப்படச் சோதனையில் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர்கள், எள்ளெண்ணெயுடன் சர்க்கரையும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் குலுக்கினால் சிவப்பு நிறம் தோன்றுவதைக் கண்டார்கள். வேறு சமையல் எண்ணெய் எதுவும் இப்படிச் சிவக்காது. ஆலிவ் எண்ணெயில் எள்ளெண்ணெய் கலப்பதைப் பிடிக்க உதவிய இது ‘போதுவான் சோதனை’ எனப்பட்டது; இந்தியாவில் தலைகீழ் வேலை பார்த்தது. 1930-களில் டால்டா முதலிய வனஸ்பதிகள் வந்து நெய்யில் கலப்படம் மலிந்தது; வனஸ்பதியில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்கவேண்டும் என்று பின்னர் அரசு விதித்தது. நெய்யில் வனஸ்பதி இருந்தால், அதிலுள்ள எள் சிவந்து காட்டிக்கொடுக்கும். எள்ளைக் காவலுக்கு வைத்த விதி என்று இதைச் சொல்லலாம்.

சிவக்க வைத்த பொருளின் பெயர் செசமால். 1950-ஐ ஒட்டிப் புடோவ்ஸ்கி என்ற வேதியியலாளர் செசமாலுக்கு எண்ணெய் கெடுவதைத் தடுக்கும் ஆற்றல் இருப்பதை விளக்கினார். எண்ணெய் காறுவது ஒரு சங்கிலித் தொடர். எள்ளெண்ணெயில் லினோலிக், ஒலியிக் அமிலங்கள் தலைக்கு ஏறக்குறைய 40 விழுக்காடு இருக்கின்றன. ஆக்சிஜன் தாக்கினால் முதலில் பலியாவது லினோலிக்தான். தாக்குண்ட ஒரு மூலக்கூறு அடுத்ததைத் தாக்க, அது அதற்கடுத்ததைத் தாக்க, முடிவில் சிக்கு வாடை. செசமால் தன் ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்து அந்தச் சங்கிலியை நடுவில் அறுக்கிறது. கூடவே காமா டோக்கோஃபெரால் என்ற வைட்டமின் ஈ வகையும் அதே வேலையைச் செய்கிறது. இவற்றைத்தான் ஆன்டிஆக்சிடன்ட், அதாவது ஆக்சிஜனேற்றத் தடுப்பி என்கிறார்கள்.

பச்சை எள்ளில் செசமால் மிகக் குறைவு என்பதுதான் வேடிக்கை. அங்கே இருப்பவை செசமின், செசமோலின் என்ற, லிக்னான் வகை வேதிப்பொருள்கள். சோதனைக்குழாயில் இவை பெரிய வீரர்கள் அல்ல. எள்ளை வறுத்தால் செசமோலின் உடைந்து செசமால் பிறக்கிறது. வறுத்த எள்ளின் எண்ணெய் மேலும் நீடித்து நிற்பது அதனால்தான். ஜப்பானில் மிட்சுவோ நமிகியும் உடன் ஆய்வாளர்களும் 1980-களில் இன்னொன்றைக் கண்டார்கள்: எண்ணெயை வெளுக்கும்போது செசமோலின் செசமினால் என்ற புதிய தடுப்பியாக மாறுகிறது. 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர்களே எள்ளுக்குள் செசமினை உருவாக்கும் நொதியின் மரபணுவையும் அடையாளம் கண்டனர்.

செடி இதையெல்லாம் மனிதனின் சாடிக்காகச் செய்துவைக்கவில்லை; வறண்ட நிலத்தில் தான் பிழைக்கவே செய்தது. நாங்குநேரி வட்டாரம் மழை மறைவுப் பகுதி. மேற்கே மலை நின்று தென்மேற்குப் பருவ மழையைத் தடுத்துக்கொள்ள, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வறண்ட காற்று மட்டும் வந்து வீசும். இன்று அதே காற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன. குளத்துப் பாசனமும் வடகிழக்கு மழையும்தான் உழவுக்குக் கதி. 1950-களில் கட்டிய மணிமுத்தாறு அணையின் கால்வாய் இந்தப் பக்கத்துக் குளங்களுக்கு ஓரளவு நீர் தருகிறது. இத்தகைய மண்ணுக்கேற்ற பயிர் எள். ஆணிவேர் ஆழப் போகும். 80, 90 நாளில் கதை முடிந்துவிடும். வறட்சியைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது. ஒரு மழை கூடுதலாகப் பெய்து வயலில் நீர் நின்றால் எள் அழுகிவிடும்.

நீர் குறைந்தால் செடி இலைத்துளைகளை மூடுகிறது. நீர் மிஞ்சும்; ஆனால் கரியமில வாயு உள்ளே வருவது நின்றுவிடும். வெயிலோ நிற்பதில்லை. பசுங்கணிகம் பிடித்த ஒளியாற்றலுக்குச் செலவழிக்க வழியில்லாமல் எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் மீது பாய, சூப்பராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகின்றன. இவை செல்லின் கொழுப்புச் சவ்வை அரிக்கும்; சாடியில் எண்ணெய் காறுவதும் இலையில் சவ்வு சிதைவதும் ஒரே வேதிவினைதான். சூப்பராக்சைடை அடக்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியின் வேலையை மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969-இல் வெளிப்படுத்தினார்கள். வறட்சியில் வாடும் செடி இந்த நொதியையும் கேட்டலேஸ் என்ற நொதியையும் வைட்டமின் சி, ஈ ஆகியவற்றையும் கூட்டிக்கொண்டு போராடுகிறது. விதைக்கு வேறொரு நெருக்கடி. பாதி எடை எண்ணெயாகச் சுமந்தபடி, அடுத்த மழை வரை காய்ந்து கிடக்கவேண்டும். அந்த எண்ணெய் கெட்டால் முளைக்குச் சோறில்லை. டோக்கோஃபெரால் இங்கே எண்ணெயைக் காக்கிறது. லிக்னானும் அதற்குத் துணையாக இருக்கலாம். எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது என்ற பழமொழி வெயிலில் பரப்பிய எள்ளைப் பற்றியது. காய்கிற அந்த எள் எண்ணெயை விதைக்காகவே வைத்திருக்கிறது.

20-ஆம் நூற்றாண்டில் நிலக்கடலை தமிழகத்து மானாவாரி நிலத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. இயந்திர ஆலை மாட்டுச் செக்கை ஒழித்தது. பிறகு பாக்கெட்டில் சூரியகாந்தி எண்ணெய் வந்தது. நல்லெண்ணெய் இட்லிப்பொடிக்கும் ஊறுகாய்க்கும் தலைமுழுக்குக்கும் ஒதுங்கியது. கோயில் விளக்கிலும் காப்பிலும் அதன் இடம் இன்னும் இருக்கிறது.

கிணற்றில் சேர்ந்த எண்ணெய் சாடி எண்ணெய் அல்ல. காற்றும் ஈரமும் தடுப்பிகளைச் செலவழிக்கும். செசமாலாயினும் டோக்கோஃபெராலாயினும் ஒரு மூலக்கூறு சங்கிலியை அறுத்தபின் தானும் தீர்ந்துபோகிறது. இருப்பு முடிந்ததும் எண்ணெய் காறத் தொடங்கும். ஆனால் நாங்குநேரியில் காப்பு அன்றாடம் நடக்கிறது. சாத்திய புது எண்ணெய் தன் லிக்னானோடு பழையதன்மேல் விழுகிறது. தை அமாவாசையில் ஒரு கோட்டை சேர்ந்து விழுகிறது.