கிம்மி ஷெல்டர்: ஹிப்பி காலம் முடிந்ததை நேரில் பார்த்த கேமரா... அன்று ஆல்டமான்ட்டில் என்ன நடந்தது?

நீளமான முடி, கழுத்தில் மணிமாலை, கையில் கிடார். போர் வேண்டாம், அன்பு போதும் என்று 1960களில் அமெரிக்காவில் கிளம்பிய இளைஞர்கள்தான் ஹிப்பிகள். 1969 ஆகஸ்ட்டில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவுக்கு சுமார் 4 லட்சம் பேர் திரண்டார்கள். மழை, சேறு, சாப்பாட்டுத் தட்டுப்பாடு என எல்லாம் இருந்தும் பெரிய அடிதடி இல்லை. 'பார்த்தீங்களா, எங்களால முடியும்' என்று அவர்கள் நெஞ்சை நிமிர்த்திய நேரம் அது.

நாலே மாசத்தில் கதை மாறியது. அதைப் பதிவு செய்த ஆவணப்படம்தான் 'கிம்மி ஷெல்டர்'.

இலவசக் கச்சேரி, அவசர ஏற்பாடு

ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழு தனது அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை கலிஃபோர்னியாவில் ஒரு இலவசக் கச்சேரியோடு முடிக்க நினைத்தது. முதலில் பேசிய இடம் கிடைக்கவில்லை. அடுத்த இடமும் கைநழுவியது. கச்சேரிக்கு இரண்டே நாள் இருக்கும்போதுதான் ஆல்டமான்ட் கார் பந்தய மைதானம் முடிவானது.

சிக்கல் இங்கேதான். மேடை, முந்தைய இடத்துக்காகத் திட்டமிட்டது. அங்கே மேடை மேட்டில் இருந்திருக்கும், கூட்டம் ஏறி வர முடியாது. அதனால் சுமார் 1 மீட்டர் உயரமே போதும் என்று விட்டிருந்தார்கள். ஆல்டமான்ட்டில் அதே மேடை பள்ளத்தில் நின்றது. வந்ததோ சுமார் 3 லட்சம் பேர்!

மேடையைச் சுற்றி நின்றது போலீஸ் இல்லை, 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற மோட்டார் பைக் கும்பல். 500 டாலருக்கு பீர், அதுதான் கூலி என்று சொல்லப்பட்டது. யார் பேசி முடித்தார்கள் என்பதில் பின்னாளில் ஆளுக்கொரு கதை.

டிசம்பர் 6, 1969

பகலிலேயே அடி விழ ஆரம்பித்தது. தடுக்கப் போன ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் பாடகர் மார்ட்டி பாலினையே அடித்து மயக்கம் போட வைத்தார்கள். இதைக் கேள்விப்பட்ட கிரேட்ஃபுல் டெட் குழு வாசிக்காமலே கிளம்பிவிட்டது.

இரவு ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிக்கொண்டிருந்தபோது, மெரிடித் ஹண்டர் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் மேடைக்கு அருகே கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவர் கையில் துப்பாக்கி இருந்தது. அன்று மொத்தம் 4 பேர் உயிரிழந்தார்கள். இருவர் கார் மோதியும், ஒருவர் கால்வாயில் மூழ்கியும் இறந்தனர்.

படத்தில் அப்படி என்ன இருக்கு?

ஆல்பர்ட் மேசில்ஸ், டேவிட் மேசில்ஸ், ஷார்லட் ஸ்வெரின் மூவரும் இயக்கிய படம் இது. பின்னணிக் குரல் கிடையாது, 'இது சரி, இது தப்பு' என்ற தீர்ப்பும் கிடையாது. அதற்குப் பதிலாக, பாடகர் மிக் ஜாகரை எடிட்டிங் அறையில் உட்கார வைத்து அந்தக் காட்சியையே போட்டுக் காட்டுகிறார்கள். ரீலைப் பின்னால் ஓட்டி, மெதுவாக நகர்த்தும்போது தோழியின் வெள்ளை உடை பின்னணியில் ஹண்டரின் துப்பாக்கி தெரிகிறது. அடுத்து கத்தி. மேடையில் நின்றபோது அவருக்குச் சரியாகத் தெரியாத ஒன்றை, இப்போது சின்னத் திரையில் பார்க்கிறார். அந்த முகம்தான் படம். கச்சேரிக் காட்சிகள்கூட அதற்கு அப்புறம்தான் என்பேன்.

1970 டிசம்பர் 6-ல், சரியாக ஓராண்டு கழித்து படம் வெளியானது. ஒரு சாவை வைத்துக் காசு பார்க்கிறார்களா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

கேமரா சொன்ன சாட்சி

குத்திய ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆள் மீது கொலை வழக்கு நடந்தது. இதே காட்சி நீதிமன்றத்திலும் ஓடியது. துப்பாக்கி தெரிந்ததால் அது தற்காப்பு என்று ஜூரி ஏற்க, 1971-ல் அவர் விடுதலையானார். படம் அதற்கு முன்பே வந்துவிட்டதால் இந்தத் தீர்ப்பு அதில் இல்லை.

ஹண்டர் யார், வீட்டில் யார் இருந்தார்கள் என்பதையும் படம் பெரிதாகக் கேட்கவில்லை. கலிஃபோர்னியாவின் வயேஹோ நகரில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் பல ஆண்டுகள் பெயர்க்கல்கூட இல்லை. 2006-ல் அந்தக் கல்லறையைப் பற்றி ஒரு குறும்படம் வந்தது. அதற்குப் பிறகு, நன்கொடையில்தான் கல் வைத்தார்கள்.